கைமருந்து, கைவேலை, காப்பு: கொங்கு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்து ஊர்களில் பிறந்து, இப்போது கோவையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ குடியிருக்கும் சொந்தபந்தங்கள் நோம்பிக்கு நோம்பி, அதாவது பண்டிகைக்குப் பண்டிகை, கேட்கிற கேள்விகள் இவை. "ஆத்தா இருந்திருந்தால் கேட்டிருப்போம்" என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிப்பார்கள். மூலிகை தனி, சடங்கு தனி என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. நம் வீடுகளில் அவை பிரிந்து இருந்ததும் இல்லை. ஆனால் எது உடம்புக்கு, எது மனசுக்கு என்று தெரிந்து வைத்துக்கொண்டால்தான் இரண்டையும் காப்பாற்ற முடியும் என்பது என் உறுதியான எண்ணம். பதில்களையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்ட என்னென்ன வேண்டும்? எங்கெங்கே கட்ட வேண்டும்?

பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ. இந்த மூன்றும் இருந்தால் காப்பு. சில ஊர்களில் மாவிலை, தும்பை, பிரண்டை சேர்ப்பார்கள். அது அந்தந்த ஊர் வழக்கம், அதில் சரி தவறு கிடையாது.

வேப்பங்கொத்தைப் பின்னால் வையுங்கள். அதன்மேல் பூளைப்பூவைத் தண்டோடு ஒரு பிடி. முன்னால் ஆவாரங்கொத்து, மஞ்சள் வெளியே தெரியும்படி. மூன்றின் அடித்தண்டையும் சேர்த்துப் பிடித்து, நனைத்த பனை நாரால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். ஈர நார் வளைந்து கொடுக்கும், காய்ந்ததும் அந்த முடிச்சிலேயே விறைத்து நிற்கும். நைலான் கயிறு வழுக்கும். தண்டு சுருங்கியதும் கொத்து நழுவிவிடும்.

மார்கழிக் கடைசி நாள் சாயங்காலம் கட்டுவது வழக்கம். வீட்டு முகப்பு, மாட்டுக் கட்டுத்தரை, கிணற்று மேடு, களம், குப்பைமேடு, அப்புறம் ஒவ்வொரு காட்டின் (விளைநிலத்தின்) சனி மூலை, அதாவது வடகிழக்கு மூலை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாசல் நிலையில் ஒன்று கட்டினால் போதும். கோவை, திருப்பூர், ஈரோட்டில் போகியன்று காலையிலேயே சந்தையிலும் தெருமுனையிலும் கட்டுக்கட்டாக விற்பார்கள். நீங்களே பறிக்கப் போனால் பூளைச் செடியை வேரோடு பிடுங்காதீர்கள். மேல் கிளைகளை மட்டும் ஒடித்தால் மிச்சப் பூவில் இருக்கும் விதை விழுந்து, அடுத்த மழைக்கு அதே இடத்தில் முளைக்கும்.

காப்புக் கட்டினால் நோய் நொடி வராது என்பது உண்மையா?

கூரையில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினால் கொசு வராது, கிருமி அண்டாது என்று சிலர் விஞ்ஞான விளக்கம் கொடுக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஒரு கைப்பிடி இலை அவ்வளவு வேலை செய்யாது.

ஆனால் காப்புக் கட்டப் போகிறவர் அன்றைக்குத் தோட்டத்தின் ஒவ்வொரு மூலைக்கும் நடந்து போகிறார். கிணற்று மேட்டில் நின்று பார்க்கிறார். கட்டுத்தரைக்குள் குனிந்து போகிறார். வேலி எங்கே விழுந்திருக்கிறது, கைப்பிடிச் சுவரில் எங்கே விரிசல், எந்த மாட்டுக்குக் குளம்பில் புண் என்பதெல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் கண்ணில் படும். வருசத்துக்கு ஒரு தடவை வீட்டையும் காட்டையும் முழுசாகச் சுற்றி வரவைக்கிற ஏற்பாடு இது. காப்பு என்பதற்கு எனக்கு அந்த அர்த்தமே போதும்.

பூளைப்பூ கஷாயம் சிறுநீரகக் கல்லைக் கரைக்குமா?

சிறுபீளை என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இதைத்தான் கொடுப்பார்கள். நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் சித்த மருத்துவம் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் செடி. சித்த மருத்துவரிடம் அளவு கேட்டுக் குடிக்கலாம். ஸ்கேன் எடுத்துக் கல்லின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுகல் நிறையத் தண்ணீர் குடித்தாலே பெரும்பாலும் இறங்கிவிடும். பெரிய கல் கஷாயத்துக்கு அசையாது. வலியோடு காய்ச்சல் இருந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் தொடவே வேண்டாம்.

கண் பட்டால் சுற்றிப்போடுவதை எப்படிச் செய்வது?

கல்லுப்பு, வரமிளகாய், கொஞ்சம் கடுகு, முச்சந்தி மண். கையில் எடுத்து, உட்காரவைத்தவருக்கு வலம் மூன்று, இடம் மூன்று சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் போட வேண்டும். உப்புப் படபடவென்று வெடித்தால் கண் கழிந்தது என்பார்கள். கல்லுப்பின் உள்ளே சிக்கியிருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி உடைக்கிற சத்தம் அது. எந்த வீட்டிலும் வெடிக்கும்.

அதற்காக இதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் அழுதுவிட்டு வந்த பிள்ளையை நடுவீட்டில் உட்காரவைத்து, அம்மிச்சி தலையைச் சுற்றிக் கையை வீசி, "வா சாமி, போயிருச்சு" என்று சொல்வதில் பிள்ளைக்குக் கிடைக்கிற தைரியம் பெரிசு. ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் மட்டும் மிளகாயை எரிக்காதீர்கள். அந்த நெடி மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். உப்பை மட்டும் சுற்றித் தண்ணீரில் கரைக்கும் வழக்கமும் உண்டு, அதையே செய்யலாம். ஆயுத பூசைக்குத் திருஷ்டிப் பூசணியை நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போவது வேறு விஷயம். அதில் பைக் வழுக்கி விழுகிறவர் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. உடைத்தால் கையோடு கூட்டி அள்ளிவிடுங்கள்.

வாசலில் தொங்கும் ஆகாச கருடன் கிழங்கு காற்றைக் குடித்து வளருமா?

கிழங்குக்குள் நீரும் மாவுச்சத்தும் சேர்ந்து கிடக்கிறது. வறட்சியில் மண்ணுக்குள் தூங்கி, மழைக்கு முளைக்கிற கொடி அது. அந்தச் சேமிப்பை வைத்துத்தான் மஞ்சள் குங்குமம் பூசி வாசலில் தொங்கவிட்டாலும் கொடி விடுகிறது. சேமிப்புத் தீர்ந்ததும் சுருங்கிவிடும். சுருங்கினால் வீட்டுக்குக் கெட்டது வருகிறது என்று பயப்பட ஒன்றும் இல்லை. முளை விட்டதும் இறக்கி மண்ணில் நட்டுவிடுங்கள், காடுகளில் குறைந்துவரும் கொடிக்கு அது நல்லது. இதே கடைகளில் புலி நகம், நரிக்கொம்பு என்று காட்டினால் வாங்காதீர்கள். பெரும்பாலும் போலி. உண்மையாகவே புலி நகமாக இருந்தால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவருக்கும் சிறை.

குழந்தை நிறுத்தாமல் அழுகிறது. உரம் விழுந்திருக்கிறது, குடலேற்றம், தொக்கம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். போகலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

பிள்ளைக்குச் சுளுக்கு விழுந்திருக்கிறது என்பதைத்தான் உரம் என்பார்கள். அதை எடுக்கிறேன் என்று பச்சைக் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை அப்படி உருட்டவே கூடாது. குடலேற்றம் என்று வயிற்றில் எண்ணெய் தடவித் தட்டுவார்கள். மெதுவாகத் தடவிக்கொடுத்தால் வாயு பிரியும், பிள்ளை தூங்கும், அதுவரைக்கும் சரி. ஆனால் குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, பச்சையாக வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து போனால் அது குடல் செருகலாக இருக்கலாம். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது. சில மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பல பிள்ளைகளுக்கு அறுவை இல்லாமலே சரிசெய்துவிடுவார்கள். நேரம் போனால் குடல் அழுகிவிடும். தட்டிக்கொண்டிருந்த நேரம்தான் அந்த நேரம்.

தொக்கம் எடுப்பவர் குழாய் வைத்து ஊதி அல்லது வயிற்றை நீவி, என்றைக்கோ தின்ற உணவுத் துண்டு என்று ஒன்றை எடுத்துக் காட்டுவார். இரைப்பையில் உணவு சில மணி நேரம்தான் தங்கும். நாள்கணக்கில் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்காது. காட்டப்படுவது பிள்ளையின் வயிற்றிலிருந்து வந்தது இல்லை. உண்மையிலேயே மூச்சுக்குழாயில் ஏதாவது அடைத்தால் அந்த நிமிசமே பிள்ளை இருமும், நீலம் பாயும், சத்தம் வராது. அப்போது கைக்குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறப் போட்டுத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு, திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தம், மாறி மாறி. இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம், உள்ளே தள்ளிவிடும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், பால் குடிக்க மறுத்தால், உச்சிக்குழி புடைத்தால் யாரிடமும் கேட்காமல் டாக்டரிடம் போங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம்.

வசம்பு வளையல்?

கட்டலாம். அழகான கைவேலை. நூல் இற்றுத் துண்டு உதிர்ந்தால் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும், அதனால் தினமும் இழுத்துப் பாருங்கள். உரைத்து நாக்கில் தடவ வேண்டாம். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் பிள்ளைக்குத் தேவையில்லை.

அம்மை போட்ட வீட்டில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?

வாசலில் வேப்பிலை செருகுங்கள். வருகிறவர் பார்த்துத் திரும்பிப் போய்விடுவார். நம் முன்னோர் செய்ததில் மிகப் புத்திசாலித்தனமான காரியங்களில் இது ஒன்று. சின்னம்மை காற்றிலும் தொடுதலிலும் பரவும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை ஒட்டும். இளநீர், மோர், பழம், மெத்தென்ற பருத்தித் துணி, அரிப்புக்கு வேப்பங்கொழுந்தால் வருடிக்கொடுப்பது, எல்லாம் நல்லதே. குளிக்கவே கூடாது என்பதில்லை, உடம்பைச் சுத்தமாக வைத்தால் கொப்புளம் சீழ் பிடிக்காது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கை அதன் நாளில் செய்துகொள்ளுங்கள்.

"அம்மா வந்திருக்கிறாள், மருந்து கொடுக்கக் கூடாது" என்பதுதான் ஆபத்து. பெரியம்மைக்கு மருந்தே இல்லாத காலத்துப் பேச்சு அது. அந்தப் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவித்தாயிற்று. சின்னம்மைக்கு இன்று மருந்தும் உண்டு, தடுப்பூசியும் உண்டு. கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், சர்க்கரை உள்ளவர் என்றால் முதல் நாளே டாக்டரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஈரோட்டுப் பெரிய மாரியம்மனுக்கும் கரூர் மாரியம்மனுக்கும் கம்பம் நட்டு, குடம் குடமாக மஞ்சள் நீர் ஊற்றி, கடைசியில் ஒன்றைக் காவிரியிலும் மற்றதை அமராவதியிலும் விடுகிற ஊர்க்காரர்கள் நாம். கோடையில் குளிர்ச்சி வேண்டுமென்று கேட்கிற அந்த வேண்டுதலுக்கும் மாத்திரைக்கும் எந்தப் பகையும் இல்லை.

பாம்புக்கடிக்குப் பாடம் போட்டு (மந்திரித்து) பிழைத்தவர்கள் இருக்கிறார்களே?

கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கும், அல்லது விஷம் இறங்காத வெறுங்கடியாக இருந்திருக்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து விஷமுறிவு ஊசிதான், அரசு மருத்துவமனையில் இலவசம். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, விடியும்போது இமை தொங்கும், மூச்சுத் திணறும். கீறாதீர்கள், உறியாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி 108-ஐ அழையுங்கள். பாடம் போடுகிறவர் உங்கள் சொந்தமாகவே இருந்தால் வண்டியில் கூட ஏற்றிக்கொள்ளுங்கள், போகிற வழியில் போடட்டும்.

மூலனூர்ப் பக்கம் எங்கள் காட்டில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். வீட்டு மருந்துக்கு எடுக்கலாமா?

கூடவே கூடாது. விதையிலிருந்து பிரித்தெடுக்கும் கோல்ச்சிசின் மூட்டுவாத மருந்தாகிறது என்பதால்தான் அந்தப் பயிருக்கு விலை. அதே சரக்கு வீட்டு உரலில் இடித்தால் விஷம். செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. முறிவு மருந்து கிடையாது. கிழங்கை மற்றக் கிழங்குகளோடு ஒரே சாக்கில் வைக்காதீர்கள். விதை உரிக்கும் இடத்தில் சோறு உண்ணாதீர்கள், உரித்த பிறகு கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாட்டுக்கு மடிநோய். நாட்டு மருந்து உண்டா?

உண்டு, அதுவும் பல்கலைக்கழகமே சொல்லிக்கொடுக்கிற மருந்து. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய முறை: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையை முள் சீவி, தோலோடு நறுக்கி, மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று விழுதாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் சிவப்பு அது. மடியைக் கழுவி, பாலை முழுக்கக் கறந்து வெளியே ஊற்றிவிட்டு, ஒரு கை விழுதில் தண்ணீர் சேர்த்து மடி முழுவதும் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். பாட்டிமார் கைமருந்து, அளவும் முறையும் தெளிவாகி, இவ்வளவு தூரம் வந்திருப்பதில் எனக்குப் பெருமை. மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு நின்றால் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாட்டுக்கு நேர்ந்துகொண்டு உருவாரம் வைப்பது எங்கே?

உடுமலைக்குப் பக்கத்தில் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில். பொங்கலை ஒட்டி அங்கே கூட்டம் கூடும். சுட்ட மண்ணில் செய்து வண்ணம் தீட்டிய மாடு, கன்று, நாய், சேவல் உருவங்களை வாங்கி வைப்பார்கள். கறந்த பாலைக் கொண்டுபோய் ஊற்றுவார்கள். மண்ணெடுத்து, பிசைந்து, உடலையும் காலையும் கொம்பையும் தனித்தனியாகச் செய்து ஒட்டி, சூளையில் சுட்டு எடுக்கிற குயவர் கைக்கு அந்தச் சில நாள் வியாபாரம் பெரிய பலம். அதனால் பிளாஸ்டிக் பொம்மையைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். தோல் கழலை நோய்த் தடுப்பூசியையும் தவற விடாதீர்கள்.

விசேஷத்துக்கு விரிக்கப் பவானி ஜமுக்காளம் வேண்டும். அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சீர் செய்ய, காது குத்த, பெரியவர்களை உட்காரவைக்க, எதற்கும் முதலில் விரிப்பது ஜமுக்காளம்தான். பவானியில் குழித்தறியில் நெய்வது. அகலம் பெரிதாக இருந்தால் தறியின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவராக உட்கார்ந்து, நாடாவை இவர் தள்ள அவர் வாங்கி, அவர் தள்ள இவர் வாங்கி நெய்வார்கள். இருவர் கையும் ஒரே வேகத்தில் போகாவிட்டால் கரை கோணும்.

அசலைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பட்டைக் கோடுகள் பின்னாலும் அதே அழுத்தத்தில் தெரியும். ஊடை நூல் தடித்திருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். கரையோரம் எங்காவது மயிரிழை ஏற்ற இறக்கம் இருக்கும். அது குறை இல்லை, கை போன தடம். 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்கள் பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஜமுக்காளம் இருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறிச் சரக்கு பவானி என்ற பெயரில் மலிவாக வந்து குவிகிறது. முடிந்தால் பவானிக்கே போய்க் கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குங்கள். வருசத்துக்கு இரண்டு தடவை வெயிலில் உதறிப் போட்டு, வேப்பிலை வைத்துச் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும்.

மஞ்சள் வாங்கும்போது?

தூளாக வாங்காமல் விரலியாக வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். உடைத்தால் உள்ளே ஆரஞ்சு கலந்த ஆழ்ந்த நிறம், டக்கென்று உடையும் சத்தம். வெளியே மட்டும் பளீரென்று மின்னி, கையில் ஒட்டினால் சாயம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வந்தது. பாலில் போடும்போது ஒரு சிட்டிகை மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். ஆழமான காயத்தில் மஞ்சளை அப்ப வேண்டாம், கழுவிவிட்டு டி.டி. ஊசிக்குப் போங்கள்.

செய்வினை வைத்திருக்கிறார்கள், எடுக்கப் பெரிய தொகை ஆகும் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

கடன், வரன் அமையாதது, கரு தங்காதது, தூக்கம் வராதது. செய்வினைக்காரரிடம் போகும் வீடுகளில் இவற்றில் ஒன்று நிச்சயம் இருக்கும். அவரும் அதைத்தான் முதலில் பேச்சுக் கொடுத்து வாங்குவார். அப்புறம் "ரத்த சொந்தத்தில் ஒரு பொம்பளை" என்பார். எந்த வீட்டில்தான் மனஸ்தாபம் இல்லாத ஒரு நங்கையாளோ சித்தியோ இல்லை? பணம் போவதைவிட இதுதான் எனக்கு வலிக்கும். தப்பே செய்யாத ஒரு பெண்ணோடு ஒரு குடும்பமே பேச்சை நிறுத்திவிடும். கொல்லிமலையில் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதும் ஒரு வியாபாரப் பேச்சு. கொல்லிமலை மிளகுக்கும் பலாவுக்கும் அறப்பளீஸ்வரருக்கும் எட்டுக்கை அம்மனுக்கும் பேர்போன ஊர், அங்கே வாழும் மக்களுக்கு இந்தக் கெட்ட பேர் வேண்டியதில்லை.

தாயத்தோ மந்திரமோ சர்க்கரையை, புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் தடுக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம். தூக்கமில்லாமல், காதில் குரல் கேட்டு, பயந்து நடுங்குகிறவர் வீட்டில் இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. கூடவே குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு பொங்கல் வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள். அதற்கு அரிசியும் வெல்லமும்தான் செலவு.

இதையெல்லாம் இப்போது யாரிடம் கற்றுக்கொள்வது?

வீட்டில் வயசானவர் இருந்தால் அவரிடம், வீட்டுக்குள் உட்கார்ந்து இல்லை, வரப்பில் நடந்துகொண்டே. ஒரே செடிக்கு அந்தியூரில் ஒரு பேர், பொள்ளாச்சியில் இன்னொரு பேர் இருக்கும். பேரை மட்டும் நம்பி எதையும் வாயில் வைக்கக் கூடாது. இலை, பூ, காய் மூன்றும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, ஊர், தேதி, அவர் சொன்ன பேர், எதற்குப் பயன்படுத்தினார் என்பதை ஓரத்தில் எழுதிவிடுங்கள். சந்தேகமான செடியைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் காட்டி விசாரிக்கலாம், உலர்செடிகளுக்கென்றே பெரிய சேகரிப்பு அங்கே இருக்கிறது. பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகக் கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள் நல்லது. குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி எல்லாம் அப்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் காட்டிக் கேட்க வசதி.